200 ஓகேவும் ஒரு மூக்குத்தியும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்டுக்கு வந்தா தங்கமணி கையில காய்கறிப் பையைக் குடுத்து சந்தைக்கு அனுப்பிடறாங்க. இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியில செம மழை, பவர் கட் இல்லை. எழுத உட்கார்ந்துட்டேன்.

போன வாரம் எங்க டிபார்ட்மெண்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்து சேர்ந்தது. நம்ம ஊர்ப் பக்கம்தான். கிளையில மூணு வருஷம் கவுண்டர் பார்த்துட்டு, ப்ரமோஷன்ல மும்பைக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. முதல் நாளே என் டேபிளுக்கு வந்து, "சார், நான் பி.காம். இங்க எல்லாரும் சர்வர், ஏபிஐன்னு பேசறாங்க. எனக்கு ஒரு எழவும் புரியல. என்னை எதுக்கு சார் இங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டது. கண்ணுல தண்ணி மட்டும்தான் பாக்கி.

நானும் பி.காம். தாம்மா என்றேன். அதுக்கு மேல அங்க சொல்ல நேரமில்லை. அதனால இங்க சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்குங்க.

2012-ல எனக்கு ஆபீசர் ப்ரமோஷன் வந்தது. கூடவே மும்பைக்கு மாற்றலும் வந்தது. அதுவரை நான் தமிழ்நாட்டுக் கிளைகளில் கிளார்க். கடைசியா இருந்தது திருப்பூர். பணம் எண்ணுவேன், டிராஃப்ட் எழுதுவேன், கோபமா வர்றவங்களுக்கு டீ வாங்கிக் குடுப்பேன். கம்ப்யூட்டர் என்றால் கோர் பேங்கிங்கில் மெனு நம்பரைத் தட்டத் தெரியும். அவ்வளவுதான் என் தொழில்நுட்ப அறிவு. அப்படிப்பட்டவனை நவி மும்பையில் பேலாப்பூரில் இருந்த ஐ.டி. டிபார்ட்மெண்டில் போட்டார்கள். செம்பூரில் வீடு. ஹார்பர் லைனில் மான்குர்த் தாண்டி, வாஷி பாலத்தில் ரயில் ஏறும்போது கீழே பழுப்பாக் கழிமுகம் தெரியும். தினமும் அதைப் பார்த்து, ஊருக்குத் திரும்பிப் போயிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன். ரயில் வாஷி வந்ததும் யோசனை போயிடும்.

என் வேலைக்குப் பேர் 'யூசர் டிபார்ட்மெண்ட் பிரதிநிதி'. அதாவது, வெளி கம்பெனிப் பசங்க மென்பொருள் எழுதுவாங்க. பேங்க்காரன் ஒருத்தன் அதைப் பரிசோதிச்சுப் பார்த்து, "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து இல்லாம எதுவும் லைவ் போகாது. ஓடறதைப் புரிஞ்சுக்காதவன் போடற கையெழுத்துக்கு என்ன மரியாதை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டேன். பதில் வரலை :-)

2013 மழைக்காலம். எங்க பேங்கில் ஒரு இன்டக்ரேஷன் சர்வர் நிறுவிக்கொண்டிருந்தார்கள். அது என்ன என்று எனக்கு விளக்கியது ஒரு மராட்டிப் பையன். வெளி கம்பெனி ஆள், இருபத்துநாலு வயசு இருக்கும். அவன் வரைந்து காட்டிய கட்டங்களும் அம்புகளும் எனக்கு ஏறவில்லை. ராத்திரி வீட்டில் யோசித்து எனக்கு நானே இப்படி மொழிபெயர்த்துக்கொண்டேன்.

ஒரு பெரிய கிளையை நினைச்சுக்குங்க. பத்து கவுண்டர். ஒவ்வொரு கவுண்டர்லயும் ஒவ்வொரு பாஷைக்காரன். ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குப் புரியாது. நடுவுல எல்லா பாஷையும் தெரிஞ்ச ஒரு பியூன். ஏ.டி.எம். கவுண்டர்ல இருந்து சீட்டை வாங்கி, கோர் பேங்கிங்குக்குப் புரியற பாஷையில எழுதிக் குடுத்து, அவன் சொல்ற பதிலைத் திருப்பி இவன் பாஷையில கொண்டுவந்து தர்றான். அந்த பியூன்தான் இன்டக்ரேஷன் சர்வர். ஒவ்வொரு கவுண்டரும் செய்து தர்ற வேலைதான் வெப் சர்வீஸ். சீட்டில் என்னென்ன கட்டம் இருக்கணும், எதில் எண், எதில் எழுத்து என்று அச்சடிச்ச ஃபார்ம் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேர் டபிள்யூ.எஸ்.டி.எல். நிரப்பின சீட்டு எக்ஸ்.எம்.எல். அந்தச் சீட்டை வெச்சு அனுப்பற கவருக்கு சோப் என்று பேர். குளிக்கிற சோப் இல்லை.

மறுநாள் பையனிடம் இதைச் சொன்னேன். "சார், எங்க ட்ரெயினிங்ல கூட இப்படிச் சொல்லித் தரலை" என்றான். எனக்கு அன்னிக்கு முழுக்கத் தலை கால் புரியலை.

எந்த சர்வரை நிறுவினாலும் முதலில் ஒரு மாதிரி அப்ளிகேஷனை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு சாம்பிள். ரெண்டு எண்ணைக் குடுத்தால் கூட்டிச் சொல்லும். வேலை அவ்வளவுதான். போக வர வழி சரியா இருக்கா, கதவு திறக்குதா என்று பார்க்கத்தான் அது. சோப் யூ.ஐ. என்று ஒரு இலவச மென்பொருளில் அந்த டபிள்யூ.எஸ்.டி.எல். முகவரியைக் குடுத்தால், அதுவே காலிச் சீட்டைத் தயார் செய்து, நிரப்ப வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறி போட்டு வைக்கும். நான் கேள்விக்குறியை அழித்துவிட்டு 2, 3 என்று போட்டேன். பச்சை அம்புக்குறியை அழுத்தினேன். வலது பக்கம் 5 என்று வந்தது. மேலே '200 ஓகே' என்று இருந்தது. சீட்டு போய்ச் சேர்ந்து பதிலும் ஒழுங்கா வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"முடிஞ்சது சார், பாஸ்" என்றான் பையன்.

ரெண்டும் மூணும் அஞ்சு என்று கண்டுபிடிக்க பேங்க் இவ்வளவு செலவு பண்ணியிருக்கு என்று தங்கமணிக்கு போன் போட்டுச் சொன்னேன். "அதையாவது நீங்க சரியாப் பார்த்தீங்களா?" என்று பதில் வந்தது.

அந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருந்தது. சாயங்காலம் சும்மா ரெண்டு தொகையைப் போட்டுப் பார்த்தேன். பத்துக் காசும் இருபது காசும். 0.1, 0.2. பதில் 0.3 வரணும். வந்தது 0.3, அதுக்குப் பின்னால் பதினைந்து சைபர், கடைசியில் ஒரு 4. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே அதே 200 ஓகே.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தான். "சார், கம்ப்யூட்டர் ரெட்டை எண் முறையில கணக்குப் பண்ணுது. பத்தில் ஒண்ணு என்பதை அதால முழுசா எழுத முடியாது. நாம மூணில் ஒண்ணை 0.333ன்னு எழுதிக்கிட்டே போற மாதிரி. இது சாம்பிள்தானே, விடுங்க" என்றான். பணத்துக்கு 'டெசிமல்' என்று வேறு வகை இருக்கிறதாம், நிஜ அப்ளிகேஷனில் அதைப் போட்டுக்கலாம் என்றான். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டு, என் பொண்ணோடது, அட்டையில் சோட்டா பீம்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. அடுத்த சாம்பிள், கணக்கு எண்ணைக் கொடுத்தால் பேரும் இருப்பும் சொல்வது. டெஸ்ட் சர்வரில் போலிக் கணக்குகள்தான், நிஜப் பணம் இல்லை. கிளையில் பத்து வருஷத்தில் என்னென்ன மாதிரி ஆட்கள் கவுண்டருக்கு வந்தார்களோ, அத்தனை பேரையும் ஒவ்வொருத்தராக அந்தச் சீட்டில் நிரப்பிப் பார்த்தேன்.

'அண்ட் சன்ஸ்' என்று முடியும் கடைப் பேர் போட்டேன், நடுவில் அந்த 'அண்ட்' குறியோடு. சீட்டே கிழிந்துவிட்டது. எக்ஸ்.எம்.எல்.லில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தமாம், நேராப் போடக் கூடாதாம். நம்ம ஊரில் பாதிக் கடைக்கு அந்தக் குறி இல்லாமல் பேரே கிடையாது. தொகையை 1,00,000 என்று காற்புள்ளியோடு போட்டேன், ஏத்துக்கலை. 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கே கடைசிப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மும்பைக்கு வந்த நாளா கேஸ் ஆபீஸ்ல இருந்து ஸ்கூல் வரை சர்நேம் என்ன என்று கேட்டு என்னைக் கொன்றுகொண்டிருந்தார்கள். இங்கே கம்ப்யூட்டரும் கேட்டதும் கடுப்பாகி, பெரிய எழுத்தில் நோட்டில் எழுதி ரெண்டு கோடு போட்டேன்.

அப்புறம் முன்னாடி சைபர் வரும் கணக்கு எண் ஒன்றைப் போட்டேன். 'அப்படி ஒரு கணக்கு இல்லை' என்று வந்தது. இருக்கே என்று தேடினால், அந்தக் கட்டத்தை எண் வகையாக வைத்திருந்தான் பையன். எண் என்றால் முன்னாடி இருக்கும் சைபரைக் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுவிடும். "முன்னாடி சைபருக்கு மதிப்பு இல்லையே சார்" என்றான்.

அங்கே எனக்குக் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கிறேன்.

இப்போ ரெண்டாவது கொசுவத்தி. திருப்பூர், 2010.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு ஒடிசாப் பையன். பத்தொன்பது, இருபது வயசு. அவன் கணக்கில் இருந்து ஊரில் இருக்கும் அம்மா கணக்குக்கு எட்டாயிரம் ரூபாய் நெஃப்ட் அனுப்பணும். அம்மாவுக்கு ஏதோ வயித்துக் கட்டி, ஆபரேஷன். ஃபார்மை யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். ஐ.எஃப்.எஸ். கோடு பதினோரு இடம் சரியா இருந்தது. கணக்கு எண் ரெண்டு சைபரோடு ஆரம்பித்தது. கவுண்டரில் கூட்டம். நான் அந்த ரெண்டு சைபரை விட்டுவிட்டு மீதியை அடித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, "சைபர் போடலியா?" என்று கேட்டார். "முன்னாடி சைபருக்கு என்னக்கா மதிப்பு?" என்று சொல்லிச் சிரித்தேன்.

பணம் அவன் கணக்கில் கழிந்தது. ஊரில் சேரவில்லை. மறுநாள் காலையில் வந்து நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே இந்தி 'கல் ஆவோ', நாளைக்கு வா. அதைச் சொன்னேன். வந்தான். மறுபடி கல் ஆவோ. அவனும் சலிக்காமல் வந்தான். ஷிஃப்ட் முடிந்து தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து, மற்றவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நிற்பான். சண்டை போட்டிருந்தால் மேனேஜர் வரைக்கும் விஷயம் போயிருக்கும். அவன் சண்டை போடவில்லை.

ஆறாவது நாள் ஆபீசர் ஒருத்தர் சஸ்பென்ஸ் கணக்கை சரிபார்க்கும்போது எட்டாயிரம் ஒன்று அநாதையாக நிற்பதைக் கண்டுபிடித்தார். அங்கே இருந்த பேங்க், 'இந்த எண்ணில் கணக்கு இல்லை' என்று பணத்தை எப்பவோ திருப்பி அனுப்பியிருக்கிறது. அது எங்க கிளையிலேயே வந்து படுத்துக் கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

அன்றைக்கு அவனிடம் ரசீதைக் கொடுத்தபோது, கூட வந்திருந்த, கொஞ்சம் தமிழ் தெரிந்த சிநேகிதன் சொன்னான். அம்மா மூக்குத்தியை அடகு வெச்சு ஆஸ்பத்திரியில் கட்டிட்டாங்க சார், பரவால்ல சார் என்று. அந்தப் பையன் என்னைப் பார்த்து இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். சிநேகிதன் மொழிபெயர்த்தான். "இப்ப நிச்சயமா போயிடுமா?"

நான் தலையாட்டினேன். அந்த சைபர் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. மேனேஜரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

2012-ல் மும்பை வந்து கேஸ் கனெக்‌ஷன் மாற்றப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் என் ஃபார்மைப் பார்க்காமலே "கல் ஆவோ" என்றார். எனக்கு அந்தப் பஞ்சுத் தூசித் தலைதான் ஞாபகம் வந்தது. மூணு நாள் நடந்தேன். ஓரமாகத்தான் நின்றேன். பாஷை இல்லாத ஊரில் ஓரமாகத்தான் நிற்க வரும் என்று அப்போது தெரிந்தது.

சரி, பேலாப்பூருக்கு வருவோம். கணக்கு எண்ணை எழுத்து வகையாக மாற்றச் சொன்னேன். பையன் மாற்றினான். அவன் நல்ல பையன், எதுவும் சொன்னால் செய்வான்.

கடைசி சாம்பிள், பணம் அனுப்புவது. இதைத்தான் மாதிரியாக வைத்து மொபைலில் இருந்து பணம் அனுப்பும் சேவையை எழுதப் போகிறார்கள். ஐ.எம்.பி.எஸ். 2010-லேயே வந்துவிட்டது, எங்க பேங்கிலும் மொபைல் வழியைப் பெருசாக்க வேண்டும் என்று மேலிடம் அவசரப்பட்டது. திங்கட்கிழமை லைவ். வியாழக்கிழமை சாயங்காலம் என் கையெழுத்துக்காக ஃபைல் டேபிளில் இருந்தது. இருபத்தெட்டு டெஸ்ட், எல்லாத்துக்கும் எதிரே 'பாஸ்'.

கையெழுத்துக்கு முன் கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று, ஒரு போலிக் கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து 'டைம் அவுட், பரிவர்த்தனை தோல்வி' என்று வந்தது. பையனைக் கேட்டேன். "டெஸ்ட் கோர் பேங்கிங்ல டே எண்ட் ஓடுது சார், அதான் ஸ்லோ. ஃபெயிலியர்னு ஒழுங்கா மெசேஜ் வந்துடுச்சுல்ல? அதுவும் பாஸ்தான்" என்றான்.

வாஸ்தவம்தான். ஆனால் நான் கிளையில் வளர்ந்தவன். வவுச்சர் என்ன சொல்லுது என்பதோடு எனக்குத் திருப்தி வராது, லெட்ஜரைப் பார்க்கணும். கோர் பேங்கிங்கில் அந்தப் போலிக் கணக்கின் ஸ்டேட்மெண்டைத் திறந்தேன். டே எண்ட் முடியட்டும் என்று கேண்டீனில் ஒரு வடா பாவ் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

ஆயிரம் கழிந்திருந்தது. அதுக்குக் கீழே இன்னொரு ஆயிரம். அதுக்குக் கீழே இன்னொன்று.

நடந்தது இதுதான். சாம்பிள் அப்ளிகேஷன் முப்பது செகண்ட் பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் தானாகவே மறுபடி அனுப்பும், மொத்தம் மூணு தடவை. மூணிலும் பதில் வராவிட்டால் 'தோல்வி' என்று சொல்லிவிடும். ஆனால் அந்தப் பக்கம் கோர் பேங்கிங் செத்துப் போகவில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. மூணு சீட்டும் அதன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மூணையும் மூணு தனி உத்தரவு என்று நினைத்து ஒழுங்காகப் பதிந்துவிட்டது. பதில் சொல்ல வந்தபோது இங்கே கேட்க ஆள் இல்லை. வாடிக்கையாளர் திரையில் 'தோல்வி' என்று இருக்கும். அவர் என்ன செய்வார்? மறுபடி அனுப்புவார்.

பி.காம். படித்தவர்களுக்கு இருப்பாய்வு பாடம் ஞாபகம் இருக்கும், டிரயல் பேலன்ஸ். பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று நினைக்காதே, இருப்பாய்வு காட்டாத பிழைகள் என்று ஒரு பட்டியல் உண்டு என்று எங்க வாத்தியார் சொல்லுவார். ஒரு நடவடிக்கையை அடியோடு விட்டுவிட்டால் தெரியாது. வேற ஆள் பேரில் எழுதினால் தெரியாது. ஒரே நடவடிக்கையை ரெண்டு தடவை முழுசாகப் பதிந்தாலும் தெரியாது, ரெண்டு பக்கமும் சேர்ந்தே ஏறியிருக்கும். அந்த மூவாயிரமும் அப்படித்தான். எல்லாம் டேலி. இருபத்தெட்டு டெஸ்டும் பாஸ். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின பட்டியல், இத்தனை வருஷம் கழித்து பேலாப்பூரில் ராத்திரி எட்டு மணிக்குக் கண்ணெதிரே வந்து நின்றது.

மறுநாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்.

எங்க ஏ.ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர், கெட்டவர் இல்லை. மேலே இருந்து அவருக்கு நெருக்கடி. "டே எண்ட் நேரத்தில் மட்டும் வரும் பிரச்னை. லைவில் வந்தால் ஆள் வைத்து ரிவர்ஸ் பண்ணிக்கொள்ளலாம். நீங்க கம்ப்யூட்டர் ஆள் இல்லை, அவங்க எக்ஸ்பர்ட், அவங்க பாஸ்னு சொல்றாங்க. நீங்க ஏன் பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்றார். என் இந்தி அப்போதும் ஓட்டைதான். சரளமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேனோ என்னவோ. சமாளிக்கத் தெரியாததால் இருந்ததைச் சொன்னேன். "சார், ரிவர்ஸ் பண்ண நமக்கு எத்தனை நாள் ஆகும்? அந்த ஆள் கிளைக்கு வந்து நிப்பான். கிளையில இருக்கறவன் கல் ஆவோன்னு சொல்லுவான். நான் சொல்லியிருக்கேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எத்தனை நாள் வேணும்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "பத்து நாள் சார்" என்றான். ஒன்பது நாளில் முடித்தான்.

பண்ணினது பெரிய மாயம் இல்லை. கிளையில் டிராஃப்டுக்கு ஒரு நம்பர் இருக்கிற மாதிரி, பணம் அனுப்பற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்பற இடத்திலேயே ஒரு தனி எண். மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போகணும். சர்வர் அதைக் குறிச்சு வெச்சுக்கும். அதே எண் திரும்ப வந்தால் புதுசாப் பதியாது, பழைய பதிலையே எடுத்துக் குடுக்கும். ரெண்டாவது, பதில் வரலைன்னா 'தோல்வி'ன்னு சொல்லக் கூடாது. 'தெரியவில்லை'ன்னு வெச்சுக்கிட்டு, அந்த எண் என்ன ஆச்சுன்னு கேட்கறதுக்குத் தனியா ஒரு சர்வீஸ். மூணாவது, தினமும் ராத்திரி ரெண்டு பக்கத்துப் பட்டியலையும் ஒப்பிட்டு, ஒட்டாததைக் காலையில் ஒருத்தர் மேஜையில் வைப்பது. இந்த மூணாவது மட்டும் என் யோசனை. சஸ்பென்ஸ் கணக்கில் எதுவும் அநாதையாகப் படுத்துக் கிடக்கக் கூடாது என்பதற்காக.

முதலாவது சமாச்சாரத்துக்கு 'ஐடெம்பொட்டன்ஸ்' என்று ஒரு பேர் இருப்பது எனக்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். இன்னமும் சரியா வாயில் நுழையாது.

வேண்டுமென்றே டே எண்ட் ஓடும் நேரத்தில் மறுபடி ஆயிரம் ரூபாய் அனுப்பினோம். திரையில் 'நிலை தெரியவில்லை' என்று வந்தது. ஸ்டேட்மெண்டில் ஒரே ஒரு ஆயிரம். பையன் எழுந்து என் தோளைத் தட்டினான். அப்புறம் சீனியரைத் தட்டிவிட்டோமே என்று "சாரி சார்" என்றான் :-)

கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷ அப்ரைசலில் எனக்கு மார்க் குறைந்தது. திட்டம் தாமதம் என்று ஒரு வரி. தங்கமணி ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஊருக்கு மாற்றல் கேட்டிருந்தேன், அதுவும் அப்போது கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்த நாட்கள் உண்டு, கொஞ்சம் தியாகி மாதிரித் தெரியும் என்பதால். ஹி ஹி.

அந்த ஒன்பது நாளால் யாருக்கு என்ன மிச்சம் என்று சொல்லவே முடியாது. நடந்த பிழைக்கு லெட்ஜரில் இடம் உண்டு. நடக்காமல் போன பிழைக்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை. இந்த வேலையில் பழக வேண்டிய கஷ்டம் அதுதான்.

காலம் மாறிவிட்டது. சோப் போய் ஏபிஐ, ஜேசன் என்று வந்துவிட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2019 டிசம்பரில் இருந்து நெஃப்ட் நாள் முழுக்க ஓடுகிறது. அதே 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஐ.எம்.பி.எஸ்., யு.பி.ஐ. மூலம் அனுப்பின பணம் கணக்கில் கழிந்து, எதிர்ப்பக்கம் சேராமல் போனால், அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்பித் தரணும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் வாடிக்கையாளருக்கு, அவர் கேட்காமலே. நெஃப்டுக்கு வேறு கணக்கு, ரெப்போ விகிதத்தோடு ரெண்டு சதவீதம் சேர்த்து வட்டி. அந்த ராத்திரி உட்கார்ந்து நான் எட்டாயிரத்துக்கு ஆறு நாள் வட்டி போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பத்து ரூபாய் வந்தது. மூக்குத்திக்கு அடகுக் கடைக்காரர் எத்தனை வாங்கியிருப்பார் என்று அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நோட்டை மூடிவிட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். புது சர்வர் ஒன்று வந்திருக்கிறது. சாம்பிள் ஏறியாச்சு, பசங்க பாஸ் என்று எழுதிவிட்டார்கள். நாளைக்குக் காலையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கவுண்டரில் உன்னை ரொம்பப் படுத்தின பத்து கஸ்டமர் யார் யார், ஒவ்வொருத்தராக இதில் போட்டுப் பார் என்று சொல்லணும். முதல் ஆளை மட்டும் நான் தருகிறேன். கணக்கு எண் ரெண்டு சைபரில் ஆரம்பிக்கும்.

டிஸ்கி 1: அந்த மராட்டிப் பையன் இப்போ வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான். கூடவே தவறாமல் 'லெட்ஜர் பார்த்தீங்களா சார்?' என்று ஒரு வரி.

டிஸ்கி 2: சோட்டா பீம் நோட்டு இன்னும் என் டிராயரில் இருக்கு. பொண்ணு காலேஜ் போயிட்டா. பி.காம். தான் :-)